1920களின் நவீனத்துவக் குடியிருப்புகளைப் பின்பற்றி ஒரு கூட்டுறவுக் குடியிருப்பைக் கட்டலாமா?

நாற்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவைத் தொடங்கியிருக்கிறீர்கள். நிலம் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. 1920களில் ஜெர்மனியிலும் அதன் அண்டை நாடுகளிலும் எழுந்த நவீனத்துவக் குடியிருப்புகளின் படங்கள் உங்கள் குழுவுக்குப் பிடித்துவிட்டன. வெள்ளைச் சுவரும் தட்டைக் கூரையும் நீளச் சன்னல்களுமாக அதே பாணியில் இன்று கட்டினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நடுவில், "அந்தப் படங்களில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்போல் தெரிகிறார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. பாணியைப் பற்றிய கேள்விக்கு அரைப் பக்கத்தில் பதில் சொல்லிவிடலாம். அந்த வரிக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. நான் கட்டடக் கலைஞன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் வேலையில் பெரும்பகுதி கூட்டுறவுக் குடியிருப்புகள் சார்ந்தது. ஆவணங்கள் உறுதிசெய்பவற்றை உறுதியாகவும், என் அனுபவத்தில் மட்டும் கண்டவற்றை அப்படியே சொல்லியும் எழுதுகிறேன்.

முதலில் படத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்தக் குடியிருப்புகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன என்ற எண்ணம் பெருமளவுக்குக் கறுப்புவெள்ளைப் புகைப்படங்களால் வந்தது. கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் 1913 முதல் 1916 வரை பெர்லினின் விளிம்பில் ஒரு கூட்டுறவுக்காகக் கட்டிய பால்கன்பெர்க் தோட்டக் குடியிருப்புக்கு மக்கள் வைத்த பட்டப்பெயரே "வண்ணப்பெட்டி". அவரே 1924இல் தொடங்கிய ஷில்லர்பார்க் குடியிருப்பு, டச்சுக்காரர்களின் தாக்கத்தில் எழுந்த செங்கல் கட்டடம். பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் அவர் வடிவமைப்பில் 1925 முதல் கட்டப்பட்ட குதிரைலாடக் குடியிருப்பில் ஆழ்ந்த நீலமும் அடர்சிவப்பும் இன்றும் பார்ப்பவரைத் திடுக்கிட வைக்கின்றன. அவை எல்லாமே கூட்டுறவுகள் என்பதும் சரியல்ல. வியன்னாவின் கார்ல் மார்க்ஸ் ஹோஃப், 1382 வீடுகளோடு, நகராட்சி கட்டியது. பிராங்க்ஃபர்ட்டில் கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மே நடத்தியதும் நகராட்சியின் திட்டம். பிரிட்ஸைக் கட்டிய கெஹாக், தொழிற்சங்கங்களின் ஆதரவில் 1924இல் தொடங்கிய வீட்டுவசதி நிறுவனம். பெயரிலும் நோக்கத்திலும் பொதுநலம் இருந்தாலும் சட்டப்படி அது குடியிருப்போரின் கூட்டுறவு அல்ல.

இந்த வேறுபாட்டை ஏதோ வரலாற்று நுணுக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெர்லினின் ஆறு நவீனத்துவக் குடியிருப்புகளை யுனெஸ்கோ 2008இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. பால்கன்பெர்க், ஷில்லர்பார்க், பிரிட்ஸ் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் இரண்டும் இன்றும் கூட்டுறவின் கையில் இருக்கின்றன. பிரிட்ஸை வைத்திருந்த நிறுவனமோ 1998இல் தனியார்வசமானது. வரிசை வீடுகள் பின்னர் ஒவ்வொன்றாகத் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டன. வடிவம் இன்னும் நிற்கிறதென்றால் அதற்கு மரபுப் பாதுகாப்புச் சட்டம் காரணம். ஒரே கட்டடக் கலைஞர், ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே காலம். உடைமை முறை மட்டும் வேறு. ஆகவே வரைபடத்துக்கு முன்னால் உங்கள் துணைவிதிகளை முடிவுசெய்யுங்கள். நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரிலேயே நிலைத்திருக்குமா, உறுப்பினருக்குக் கிடைப்பது வீட்டின் உரிமையா அல்லது நிரந்தரப் பயன்பாட்டு உரிமையா, விலகிச் செல்பவர் தாம் கட்டிய பங்குத்தொகையை மட்டும் திரும்பப் பெறுவாரா அல்லது சந்தை விலைக்கு விற்றுக்கொள்ளலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். மூன்றாவது கேள்விக்கு "சந்தை விலை" என்று பதில் சொல்லிவிட்டால், பொது முற்றமும் பொதுச் சலவையறையும் பத்தாண்டுக்குள் "என் பங்கை எனக்குப் பிரித்துக் கொடுங்கள்" என்ற பேச்சில் போய் முடிவதை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஏற்பாட்டுக்கு எந்தச் சட்டம் இடம் தருகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதைக் கூட்டுறவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னைப் போன்றவர்களிடம் அல்ல.

நாற்பது குடும்பங்களுக்கு நான் முன்மாதிரியாகக் காட்டக்கூடியது பெர்லினில் இல்லை, ஜெர்மனியின் டெஸ்ஸா நகரில் இருக்கிறது. பௌஹௌஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியின் அன்றைய இயக்குநர் ஹன்னஸ் மேயரின் தலைமையில் அதன் மாணவர்கள் 1929, 1930 ஆண்டுகளில் அந்நகரின் வீட்டுவசதிக் கூட்டுறவு ஒன்றுக்காக ஐந்து கட்டடங்களை வடிவமைத்தார்கள். மூன்று தளங்கள், கட்டடத்துக்குப் பதினெட்டு வீடுகள், மொத்தம் தொண்ணூறு. பூச்சில்லாத செங்கல் சுவர். ஒரு வீடு 48 சதுர மீட்டரைத் தாண்டாது. ஒரு தளத்தின் ஆறு வீடுகளுக்கும் வடபுறமாக ஓடும் ஒரே திறந்த தாழ்வாரத்திலிருந்து வாசல்கள். குளியலறையும் சமையலறையும் தாழ்வாரத்தின் பக்கம், வசிப்பறையும் படுக்கையறைகளும் தெற்கு வெயிலின் பக்கம். படத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். உங்கள் குழு விரும்பும் படங்களில் இது நிச்சயம் இருக்காது. ஆனால் ஒரே படிக்கட்டில் ஒரு கட்டடம் முழுவதையும் இணைத்து, அந்த மிச்சத்தில் தொழிலாளி கொடுக்கக்கூடிய வாடகையை எட்டியது இது. இன்னும் கூட்டுறவின் உடைமையாகவே இருக்கிறது. 2017இல் இதுவும் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

தாழ்வாரத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் அண்டை வீட்டாரை அறிந்திருப்பது என்ற உங்கள் ஆசை கட்டடத்தில் எங்கே நிறைவேறுகிறது என்று கேட்டால் பெரும்பாலும் இங்கேதான். படிக்கட்டைச் சுற்றி இரண்டிரண்டு வீடுகளாக அமைந்த கட்டடத்தில் ஒருவர் தன் மாடியில் உள்ளவரை மட்டுமே இயல்பாகச் சந்திக்கிறார். தாழ்வாரத்தில் ஒரு தளமே சந்திக்கிறது. இதை மிகத் துணிச்சலாகச் செய்தவர் டச்சுக் கட்டடக் கலைஞர் மிகீல் பிரிங்க்மன். ராட்டர்டாமின் ஸ்பாங்கன் பகுதியில் 1922இல் முடிந்த அவருடைய குடியிருப்பில் 264 வீடுகள்; மேல் வீடுகளுக்கு முற்றத்தைச் சுற்றி ஓடும் உயர்த்திய தெரு ஒன்று, அகலம் 2.2 முதல் 3.3 மீட்டர்வரை, பால் வண்டி மேலே வந்து வாசலில் நிற்கும். அகலம்தான் இதில் உயிர். என் அனுபவத்தில் 1.2 மீட்டர்த் தாழ்வாரம் வெறும் வழி. எதிரே வருபவருக்காக ஒதுங்கும் இடத்தில் யாரும் நின்று பேச மாட்டார்கள். 1.8 மீட்டரைத் தாண்டும்போது நாற்காலிகளும் பூந்தொட்டிகளும் தாமாக வெளியே வருகின்றன. இது ஆய்வு முடிவு அல்ல, நான் அளந்து பார்த்த சில கட்டடங்களின் நடத்தை; அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள்.

தாழ்வாரத்துக்கு ஒரு விலையும் உண்டு. நடந்து போகிறவர் சமையலறையைப் பார்க்கிறார், பேச்சைக் கேட்கிறார். அதற்கு மருந்து மூன்று வகை. வீட்டின் தரையைத் தாழ்வாரத்தைவிட இரண்டு மூன்று படி உயர்த்தலாம், சக்கர நாற்காலிக்கு இடைஞ்சலாகும் என்பதால் இன்று இது கடினம். தாழ்வாரத்தைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் விலக்கி, வாசல்களுக்கு மட்டும் சிறு பாலம் வைக்கலாம். வெளிச்சமும் கீழே இறங்கும், செலவு கொஞ்சம் கூடும். மூன்றாவது வழிக்குச் செலவே இல்லை: ஒரு வீட்டின் முன்னால் எத்தனை வீட்டார் தினமும் கடந்து போகிறார்கள் என்று வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள். படிக்கட்டைத் தாழ்வாரத்தின் கோடியில் வைத்தால் முதல் வீட்டை ஐந்து வீட்டார் கடக்கிறார்கள். நடுவில் வைத்தால் எந்த வீட்டையும் இரண்டு வீட்டாருக்கு மேல் கடப்பதில்லை. தீ விபத்தில் வெளியேற இரண்டு திசை வேண்டும் என்று விதி இருக்கும் இடங்களில் இரு கோடிகளிலும் படிக்கட்டு வந்துவிடும். அப்போதும் லிஃப்டை நடுவில் வைத்தால் கணக்கு ஏறக்குறைய அப்படியே நிற்கும். இக்காலத்தில் இதே சிந்தனையை அழகாகக் கையாண்டது பார்சலோனாவின் லா போர்தா: 2018இல் முடிந்த 28 வீட்டுக் கூட்டுறவு; நகராட்சி நிலத்தை 75 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, பெரும்பகுதி மரத்தாலேயே கட்டி, எல்லா வீட்டு வாசல்களையும் ஒரு நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரங்களில் திறந்துவிட்டார்கள். உங்கள் குழுவிலிருந்து யாராவது நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் அங்கே அனுப்புங்கள்.

கட்டடங்களை இணை வரிசைகளாக நிறுத்துவது, நவீனத்துவக் குடியிருப்புகளிலிருந்து அதிகம் நகலெடுக்கப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கக் கூடாததும் அதுவே. வடக்குத் தெற்காக ஓடும் வரிசைகள், காலை வெயில் படுக்கையறைக்கு, மாலை வெயில் வசிப்பறைக்கு என்ற கணக்கு, கால்ஸ்ரூவின் டாமர்ஸ்டாக் குடியிருப்பில் 1929இல் ஏறத்தாழ முழுமையாக நிறைவேறியது. பௌஹௌஸை நிறுவிய கட்டடக் கலைஞர் க்ரோப்பியஸ் அதன் அமைப்பை மேற்பார்த்தார். அதற்கு அடுத்த ஆண்டே, நவீனத்துவத்தின் நண்பரான விமர்சகர் அடால்ஃப் பேனே, மனிதரை இந்தத் திசையில் தூங்கு, அந்தத் திசையில் வாழ் என்று கட்டளையிடுகிற கட்டடம் இது என்று கடிந்துகொண்டார். அவர் சொன்னது வாழ்க்கையைப் பற்றி. வெயிலைப் பற்றி இன்னொன்றும் உண்டு: அந்தக் கணக்கு 50 பாகை வட அட்சரேகையை ஒட்டிய, வெயிலுக்கு ஏங்கும் ஊர்களுக்குப் போட்டது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, தாழ்வாக வரும் கிழக்கு மேற்கு வெயிலே சுவரை அதிகம் சுடும். அதைச் சன்ஷேடால் தடுப்பதும் கடினம். அங்கே வரிசைகளைத் தொண்ணூறு பாகை திருப்பி, நீண்ட முகங்களை வடக்கிலும் தெற்கிலும் வைக்க வேண்டியிருக்கும். உங்கள் நிலம் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இதை முடிவுசெய்ய அது தெரிய வேண்டும்.

வரிசைகளின் இன்னொரு குறை இடைவெளி. எல்லாக் கட்டடங்களும் ஒரே பக்கம் பார்த்தால், ஒன்றின் முன்புறம் மற்றொன்றின் பின்புறத்தைப் பார்க்கிறது. நடுவில் உள்ள புல்வெளி யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடுகிறது. டவுட்டும் பிரான்ஸ் ஹில்லிங்கரும் 1928க்கும் 1930க்கும் இடையில் பெர்லினில் கட்டிய கார்ல் லேகீன் குடியிருப்பு இதற்கு நேர்மாறான பாடம். நிலம் விலை கூடிய உள்நகரம், நான்கைந்து தளங்கள். ஆனாலும் மூன்று பக்கம் சூழ்ந்த முற்றங்களை அமைத்து, வசிப்பறைகளையும் மாடங்களையும் முற்றத்தின் பக்கம் திருப்பி, சமையலறைகளையும் குளியலறைகளையும் தெருவின் பக்கம் தள்ளினார்கள். சில வீடுகளுக்கு வெயில் குறைந்தது. எல்லா வீடுகளுக்கும் ஒரு பொது வெளியின்மேல் கண் கிடைத்தது. நாற்பது வீடுகளுக்கு ஒரே முற்றம் போதும். என்னிடம் விட்டால், வெயிலில் பத்தில் ஒரு பங்கை இழந்தாலும் முற்றத்தையே தேர்ந்தெடுப்பேன். என் சக கட்டடக் கலைஞர்களில் பாதிப் பேர் இதற்கு ஒப்ப மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தோல்விகளையும் அறிந்துகொள்ளுங்கள், படங்களில் அவை தெரியாது. க்ரோப்பியஸ் 1926 முதல் 1928 வரை டெஸ்ஸாவின் டோர்ட்டனில் கட்டிய 314 வீடுகளில் சில வகைகளின் சன்னல்கள், உட்கார்ந்தால் வெளியே பார்க்க முடியாத உயரத்தில் தொடங்கின. குடியிருந்தவர்கள் காலப்போக்கில் அவற்றை மாற்றினார்கள். இன்று அந்தத் தெருவில் முதல் வடிவத்திலேயே நிற்கும் வீட்டைத் தேட வேண்டும். பிரான்சில் பெஸ்ஸாக்கில் கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே 1926இல் முடித்த ஐம்பது சொச்சம் வீடுகளிலும் அப்படியே: நீளச் சன்னல்கள் சுருங்கின, திறந்த மாடிகள் மூடப்பட்டன, சில வீடுகளுக்குச் சாய்கூரை வந்தது. பிராங்க்ஃபர்ட் சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். எர்ன்ஸ்ட் மேயின் திட்டத்துக்காகக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்தது, ஏறத்தாழ 1.9க்கு 3.4 மீட்டர், சுமார் பத்தாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்டது. ஒருவர் தனியாக, வேகமாக வேலை செய்ய அதைவிடச் சிறந்த அறை அன்று இல்லை. இருவர் சேர்ந்து நிற்க முடியாது, குழந்தை பக்கத்தில் விளையாட முடியாது. நேரத்தை மிச்சப்படுத்தக் கட்டிய அறை, சமைப்பவரைத் தனிமைப்படுத்தியது.

கட்டுமானத்தில் வரும் பிழைகளுக்கு இன்று விடை இருக்கிறது, ஆகவே அதிகம் சொல்லப்போவதில்லை. தட்டைக் கூரைக்குக் குறைந்தது நூற்றுக்கு இரண்டு வாட்டம் கொடுங்கள். மழைநீர்க் குழாய் ஒன்று அடைத்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். தளத்தின் கான்கிரீட் பலகையையே வெளியே நீட்டிப் பால்கனியாக்கினால், குளிர் நாட்டில் அது வெப்பத்தை வெளியே கடத்தும், வெயில் நாட்டில் உள்ளே கடத்தும். இடையில் வெப்பத்தடை வைக்க வேண்டும், அல்லது பால்கனியைத் தனித் தூண்களில் நிறுத்த வேண்டும். சுவரின் முகத்தோடு சமமாக நிற்கும் சன்னல் படத்தில் அழகு. மழை சாய்ந்து அடிக்கும் ஊரில் அதே சன்னல் ஒழுகும்.

அந்தக் காலக் குடியிருப்புகளிலிருந்து நீங்கள் விலக வேண்டிய இடங்களில் முக்கியமானது, அவை கற்பனை செய்த குடும்பம். பெற்றோர், இரண்டு குழந்தைகள், வேலைக்குப் போகும் ஒருவர் என்ற ஒரே அளவுக்கு நூற்றுக்கணக்கான வீடுகளை வெட்டினார்கள். உங்கள் நாற்பது குடும்பங்கள் அப்படி இருக்காது. ஆனால் அதற்கு நேரெதிரான தவறைத்தான் கூட்டுறவுகள் அடிக்கடி செய்கின்றன: உறுப்பினர்கள் யார் என்று முன்கூட்டியே தெரிவதால், ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துத் தைத்த வீடு. நான் இளைஞனாக இருந்தபோது அப்படி ஒரு கட்டடத்தை வரைந்து கொடுத்தேன், எல்லோரும் மகிழ்ந்தார்கள். எட்டு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வீடுகள் கைமாறின. இசைப் பயிற்சி அறையோடு கூடிய வீட்டை எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் சங்கம் மாதக்கணக்கில் கட்டணத்தை இழந்தது. அதன்பின், அந்த வீட்டுக்கு மூன்றாவதாக வரப்போகும் உறுப்பினரை மனத்தில் வைத்தே வரைகிறேன். அவர் யார் என்று எனக்குத் தெரியாது; ஆகவே அறைகளை ஏறத்தாழ ஒரே அளவில், பதினான்கு சதுர மீட்டரை ஒட்டி வைத்து, எந்த அறையும் எதற்கும் பயன்படும்படி விடுகிறேன். நீர்க்குழாய்களுக்கான ஷாஃப்டுகள் எல்லாத் தளங்களிலும் ஒரே நேர்கோட்டில் வரும். பாரம் தாங்கும் சுவர்கள் வீடுகளுக்கு நடுவில் மட்டும்.

அளவு மாற்றத்துக்கு சூரிச் நகரக் கூட்டுறவுகள் கண்ட வழிகள் நல்லவை. டிராம் பணிமனையின்மேல் 2014இல் எழுந்த கால்க்பிரைட்டேயில், வீட்டோடு ஒட்டாமல் தனி வாசலுடன் சில அறைகளைக் கட்டியிருக்கிறார்கள். மகன் வளர்ந்து தனியே இருக்க விரும்பினால், அல்லது முதிய தாயார் வந்து சேர்ந்தால், உறுப்பினர் அந்த அறையைச் சில ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்கிறார். வீட்டில் உள்ள அறைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்ணிக்கைக்குக் குறையாமல் ஆட்கள் இருக்க வேண்டும் என்ற குடியமர்வு விதியும் அந்நகரின் பல கூட்டுறவுகளில் வழக்கம். பிள்ளைகள் போய்விட்ட பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்கு மாறச் சொல்லும் விதி இது; கசப்பானதுதான், ஆனால் தொடக்கத்திலேயே எழுதினால் ஏற்றுக்கொள்வார்கள், பின்னால் எழுத முயன்றால் சங்கம் இரண்டாகும்.

பொது இடங்களில் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். ஹன்னஸ் மேயரே டெஸ்ஸாவுக்கு முன்னால், 1919க்கும் 1921க்கும் இடையில், சுவிட்சர்லாந்தின் பாசலை அடுத்த முட்டென்ட்ஸில் ஃப்ரைடார்ஃப் என்ற 150 வீட்டுக் கூட்டுறவைக் கட்டி, நடுவில் கடையும் பள்ளியும் கூட்ட மண்டபமும் கொண்ட பெரிய பொது வீட்டையும் எழுப்பினார். 150 வீடுகள் அதைத் தாங்கும், நாற்பது தாங்காது. ஒரு கூடத்தோடு கூடிய பொதுச் சமையலறை, ஒரு சலவையறை, விருந்தினர் தங்க ஓர் அறை: இவ்வளவில் தொடங்குங்கள். எத்தனை என்பதைவிட எங்கே என்பதில் கவனம் வையுங்கள். மொட்டைமாடியில் கட்டிய அழகான கூடங்கள் பூட்டிக்கிடப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வாசலுக்கும் லிஃப்டுக்கும் நடுவில் கண்ணாடிக் கதவோடு வைத்த எட்டு சதுர மீட்டர்ச் சலவையறையில் எந்நேரமும் பேச்சுச் சத்தம் கேட்கும்.

பாணியைப் பற்றிச் சொல்வதாக இருந்த அரைப் பக்கம் இது. சிக்கனமான கட்டடத்தில் வேறுபாட்டை மலிவாகத் தருவது வண்ணம் என்பதை டவுட் நன்றாக அறிந்திருந்தார். மிகச் சில வகை வீடுகளைத் திரும்பத் திரும்பக் கட்டி, சுவரின் நிறத்தாலும் கதவு சன்னல் சட்டங்களின் நிறத்தாலும் ஒவ்வொரு வரிசைக்கும் முகம் கொடுத்தார். அவர் பயன்படுத்திய சிலிக்கேட் கனிமச் சாயம் இன்றும் கிடைக்கிறது. காரையோடு இரண்டறக் கலப்பதால் உரிந்து விழாது. வெள்ளையே வேண்டும் என்று பெரும்பான்மை முடிவெடுத்தால், மழைக்கோடுகளையும் பாசியையும் அடிக்கடி துடைக்க ஆகும் செலவைப் பராமரிப்பு நிதியில் எழுதிவிட்டு அடியுங்கள்.

கடைசியாக, முடிவெடுக்கும் முறை. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பது சங்கத்தின் அடித்தளம். ஆனால் எல்லாவற்றையும் வாக்குக்கு விடக் கூடாது. வீடுகளின் அளவுப் பகிர்வு, பொது இடங்கள், மாதக் கட்டணத்தின் உச்சவரம்பு மூன்றையும் பொதுக்குழு முடிவுசெய்யட்டும். சன்னலின் அளவையும் சுவரின் முகத்தையும் ஐந்து பேருக்கு மேற்படாத கட்டடக் குழுவும் கட்டடக் கலைஞரும் முடிவுசெய்யட்டும். நாற்பது பேர் வாக்களித்து வரைந்த முகப்பு எதுவும் எனக்குத் தெரிந்து நன்றாக வந்ததில்லை. கட்டடக் கலைஞரை முதன்முதலாகச் சந்திக்கும்போது அந்தப் படங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, அளவெடுத்த நில வரைபடம், துணைவிதிகளின் வரைவு, குடும்பங்களின் இன்றைய அளவும் பத்தாண்டு கழித்து அவர்கள் எதிர்பார்க்கும் அளவும் எழுதிய ஒரு தாள் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நிலத்தின் நீள அகலத்தையும் திசையையும் எனக்கு எழுதினால், முற்றம் பொருந்துமா, தாழ்வாரத்தை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று ஒரு கைவரைவு போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.